துணி வெளுத்தது, ஏரி பச்சையானது!

துணி அலசிய ஜலத்தைச் சாக்கடையில் கொட்டியதும் அதைத் தலைமுழுகிவிட்டதாக நினைத்துக் கொள்கிறோம், இல்லையா? அது நம்மை அவ்வளவு லேசில் விடுவதில்லை. கானடா தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

கானடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே ஈரி என்று ஓர் ஏரி. (பெயரே அப்படித்தான்!) 1960-களில் அதில் பாசி மண்டிற்று. செத்த பாசி அழுகும்போது ஜலத்திலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். பாவம், மீன்கள் என்ன செய்யும்? அந்த நாள் சலவைத் தூளில் பாஸ்பேட் உப்பு தாராளமாகக் கலந்திருந்தது. அதுதான் பாசிக்கு உரம் என்றார்கள் சிலர். தூள் வியாபாரிகளோ, "பாஸ்பேட் அல்ல, கார்பன்தான் குற்றவாளி!" என்று சாதித்தார்கள். குடுவையில் ஏரி ஜலத்தை ஊற்றிச் செய்த சில சோதனைகளும் அவர்கள் கட்சியே பேசின.

டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் ஓர் ஏரியையே குடுவையாக்கினார்கள். ஒண்டேரியோ மாகாணத்துக் காட்டிலுள்ள 226-ம் எண் ஏரி, உடுக்கைபோல் இடுப்பு சிறுத்தது. 1973-ல் அந்த இடுப்பில் பிளாஸ்டிக் திரை கட்டி, ஏரியை இரண்டாக்கினார்கள். கார்பனுக்காகச் சாதாரணச் சர்க்கரை, நைட்ரஜனுக்காக ஓர் உப்பு: இரண்டு பக்கத்துக்கும் ஒரே பந்தி. ஒரு பக்கத்துக்கு மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தக் கோடையிலேயே அந்தப் பக்கம் பச்சைப் பசேல்! மறு பக்கம் பழையபடியே. விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் குழந்தைகூடத் தீர்ப்புச் சொல்லிவிடும்.

குடுவை ஏன் ஏமாற்றியது? ஏரிக்கு மேலே ஆகாயம் இருக்கிறது. கரியமில வாயு குறைந்தால் காற்றிலிருந்து எடுத்துக் கொள்ளும். நைட்ரஜனையும் சில நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்தே பிடித்துவிடும். பாஸ்பரஸுக்குத்தான் அங்கே வழியில்லை; மண்ணிலிருந்தோ நம் வாளியிலிருந்தோதான் அது வரவேண்டும்.

கானடா 1970-லேயே சலவைத் தூளுக்கு வரம்பு கட்டியது. அமெரிக்க மாகாணங்கள் பலவும் தடை போட்டன. ஆனால் ஏரியின் அடிச்சேறு இருக்கிறதே, பலே கஞ்சன்! பிராணவாயு உள்ளவரை பாஸ்பரஸை இரும்போடு சேர்த்து முடிந்து வைத்திருக்கும். அது தீர்ந்ததும் முடிச்சு அவிழும். பழைய பாஸ்பரஸ் மறுபடி பாசிக்குப் போகும்.

போதாக்குறைக்கு, தூள் விட்ட இடத்தை வயல் உரம் பிடித்துக் கொண்டது. 2014 ஆகஸ்டில் ஈரிக் கரையிலுள்ள டொலீடோ நகரத்தில், பாசி நச்சு கலந்துவிட்டதென்று குழாய் ஜலத்தையே குடிக்க வேண்டாம் என்றார்கள். காய்ச்சிக் குடிக்கலாமே என்பீர்கள். காய்ச்சினால் அந்த நச்சு போகாது. ஜலம் சுண்டச் சுண்ட அது இன்னும் இறுகும்.