இடித்தவன் ஓடிவிட்டால்...

சென்ற இதழில் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது பற்றி எழுதியிருந்தேன். "இதுபோல உபயோகமாக இன்னும் எழுதுங்கள்" என்று சகோதரிகள் பலர் கடிதம் போட்டிருந்தார்கள். இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம். எங்கள் வீட்டிலேயே நடந்தது என்பதால் இத்தனை நாள் எழுதத் தயங்கினேன். எங்களைப் போல நீங்களும் தவறு செய்துவிடக் கூடாதே என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். என் நாத்தனார் கோவிலுக்குப் போய்விட்டு ரோடு ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமலே போய்விட்டது. கணவரை இழந்தவள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துத்தான் பிழைப்பு. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ட்யூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சட்டென்று, "வழுக்கி விழுந்துட்டா சார்" என்று சொல்லிவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. தப்பு என் பேரிலும்தான்.

வெளியே வந்ததும், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "இடிச்சவன் யாருன்னே தெரியாது. நம்பர் தெரியாது. போலீஸ் கேஸ்னா ஆஸ்பத்திரியில தொடவே மாட்டாங்க. அப்புறம் ஸ்டேஷனுக்கு யார் அலையறது? ஆளு பொழைச்சதே போதும்" என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஒரு வார்த்தை எங்களை எட்டு மாதம் அலைக்கழித்தது.

மூன்றாம் நாள் கோவில் வாசல் பூக்காரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். "நான் கண்ணால பார்த்தேன் தாயி. வெள்ளை வேன், இடிச்சுட்டு நிக்காமப் போனான். நீங்க விழுந்துட்டான்னு எழுதி வச்சிருக்கீங்களே, அவ பிள்ளைங்களுக்கு யார் சோறு போடுவாங்க?" என்று சத்தம் போட்டார். கட்டிலில் படுத்திருந்த நாத்தனார் மெதுவாக, "அண்ணி, இனிமே என்னால மெஷின் மிதிக்க முடியுமா அண்ணி?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளே விசாரிக்கக் கிளம்பிவிட்டேன்.

தாலுகா கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னார். பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே உதவி செய்கிறார்கள். 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறதாம். 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தும் கேட்கலாம். அங்கிருந்த வக்கீல் அம்மா சொல்லித்தான் எனக்கு எல்லாமே தெரிந்தது.

முதலில் ஒன்று. "போலீஸ் கேஸ் என்றால் தொட மாட்டார்கள்" என்பது பழைய பயம். எந்த டாக்டராக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், போலீஸ் சமாச்சாரமெல்லாம் பிறகுதான் என்று சுப்ரீம் கோர்ட்டு 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி, அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை, ரூ. 1½ லட்சம் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ஆனால் ரோடு விபத்து என்று சொன்னால்தானே இதெல்லாம் கிடைக்கும்? 'வழுக்கி விழுந்தாள்' என்றால் எப்படிக் கொடுப்பார்கள்?

இரண்டாவதுதான் முக்கியம். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் அடிபட்டவருக்குப் பணம் உண்டு. இதை எத்தனை பேர் அறிவோம்? 1982-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. அப்போது இறந்தவர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், பலத்த காயத்துக்கு 1,000 ரூபாய். படிப்படியாக உயர்ந்து, 2022 ஏப்ரல் 1 முதல் வந்த புதுத் திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ. 2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ. 50,000 என்று ஆகியிருக்கிறது. நடந்து போனவர், சைக்கிளில் போனவர் எல்லாருக்கும் உண்டு. இடித்தவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஒரு கணக்கைக் கேட்டால் வயிறு எரியும். 2022-ஆம் வருடம் மட்டும் நம் நாட்டில் இடித்துவிட்டு ஓடிய விபத்துக்கள் 67,387. அதில் இறந்தவர்கள் 30,486 பேர். அந்தப் பணத்துக்கு 2022-23-இல் வந்த மனுக்களோ வெறும் 205! மற்றவர்கள் எல்லாம் எங்களைப் போல, 'யாருன்னே தெரியாது, என்ன பண்றது' என்று இருந்துவிட்டவர்கள்தானே?

இந்தக் குறை சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. ரோடு விபத்துக்களைப் பற்றி நம் கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல வழக்கில், 2024 ஜனவரி 12-ஆம் தேதி ஓர் உத்தரவு வந்தது. கேஸ் பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், 'இந்தத் திட்டத்தில் நீங்கள் பணம் கேட்கலாம், இன்ன அதிகாரியிடம் மனுக் கொடுங்கள்' என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்தே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தானாக வராவிட்டால் நாம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

இனி, எங்கள் அலைச்சலைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் அடிபட்டவர் வந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த நகலை 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்கள். அதுதான் ஆணிவேர். எங்கள் காப்பியில் 'வழுக்கி விழுந்து' என்று இருந்தது. ஸ்டேஷனில், "விழுந்தாங்கன்னு நீங்களே சொல்லிட்டு இப்போ வேன் இடிச்சதுன்னா எப்படிம்மா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று இவர் எழுதிக் கொடுத்தார். பூக்காரம்மா வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். மருந்துக் கடைக் காமிராவில் வேன் போவது தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. ஐந்தாம் நாள்தான் எஃப்.ஐ.ஆர். ஆனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புகார் கொடுத்தவுடன் 'சி.எஸ்.ஆர்.' என்று ஒரு ரசீது தருவார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல, புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அதோடு திருப்தியாக வந்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். புகாரையே பதிவு செய்ய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பலாம்.

அடுத்து மனுக் கொடுக்கும் இடம். விபத்து நடந்த இடம் எந்தத் தாலுகாவோ, அங்குள்ள வருவாய்த் துறை அதிகாரியிடம், அதாவது ஆர்.டி.ஓ.விடமோ தாசில்தாரிடமோ கொடுக்க வேண்டும். நாங்கள் ஆர்.டி.ஓ. என்றதும் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் போய் அரை நாள் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினோம்! இது கோட்டாட்சியர் ஆபீஸ். மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், ஆஸ்பத்திரி பில், ஆதார் போன்ற அடையாளச் சீட்டு, பாங்க் பாஸ் புத்தக நகல் வேண்டும். இறந்திருந்தால் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். சட்டப்படி அந்த அதிகாரி ஒரு மாதத்துக்குள் விசாரித்துக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். கலெக்டர் 15 நாளில் உத்தரவு போட வேண்டும். அடுத்த 15 நாளில் பணம் பாங்குக் கணக்குக்கு வர வேண்டும்.

காயச் சான்றிதழில் 'பலத்த காயம்' என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். சிராய்ப்புக்கும் வீக்கத்துக்கும் இந்தப் பணம் கிடையாது. எலும்பு முறிவு, மூட்டு நழுவுதல், பல் உடைதல், கண் பார்வையோ காது கேட்பதோ நிரந்தரமாகப் போவது, 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் கிடப்பது, இவையெல்லாம் சட்டத்தில் பலத்த காயம்தான்.

'வண்டி பின்னால் கிடைத்துவிட்டால்?' என்று கேட்பீர்கள். அப்போது விஷயம் பெரிதாகிவிடும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதற்குள் போட்டுவிடுவதே உத்தமம். ஏற்கெனவே வாங்கிய 50,000 அதில் கழிந்துவிடும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் சொந்தக்காரர் பேரில் கேட்கலாம்.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "நான் சம்பாதிக்கிறேனா என்ன, எனக்கு என்ன நஷ்ட ஈடு?" என்று நினைத்துவிடாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்பு உண்டு என்று 2001-இல் ஒரு வழக்கில் மாதம் 3,000 ரூபாயாகக் கணக்கிட்டது சுப்ரீம் கோர்ட்டு. 2021 ஜனவரியிலும் இதையே வலியுறுத்தியது. சோறு பொங்குவதும் பிள்ளை வளர்ப்பதும் வேலைதான் அம்மா!

இன்னொன்று. அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிப் போனால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பயந்து ஒதுங்காதீர்கள். உதவி செய்தவரைச் சட்டம் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2020-இல் விதியே வந்துவிட்டது. ஆனால் பூக்காரம்மா போல யாராவது ஒருவர் மனதாரச் சாட்சி சொல்ல முன்வந்தால் ஒரு குடும்பமே பிழைக்கும்.

எங்களுக்குப் பணம் வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த 'வழுக்கி விழுந்து' என்ற வார்த்தைக்காக மூன்று முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் நாத்தனாரின் செயின் அடகுக்குப் போய்விட்டது. ஐம்பதாயிரத்தில் செயினை மீட்டோம், பிள்ளைகள் பீஸ் கட்டினோம், தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கிப் பொருத்தினோம். இப்போது இடது காலால் லேசாக அழுத்தினால் ஓடுகிறது. வலது கால் இன்னும் பழையபடி ஆகவில்லை. இடித்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. இவருக்கு இன்னமும் அந்த வேதனை இருக்கிறது. தங்கை எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். அவளோ, "விடுண்ணா, பயத்துல சொன்னதுதானே" என்கிறாள்.

கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டி வைக்க:

1. உடனே 108-க்குப் போன். ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: "வண்டி இடித்துவிட்டு ஓடிவிட்டது." ஏ.ஆர். காப்பியில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. இடம், நேரம், வண்டியின் நிறம், நம்பரில் ஓரிரு எழுத்து, எது தெரிந்தாலும் குறித்து வையுங்கள். பார்த்தவர்களின் போன் நம்பர் வாங்குங்கள். பக்கத்துக் கடைக் காமிராப் பதிவு அழிவதற்குள் போலீசிடம் சொல்லுங்கள்.

3. எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, பில் எல்லாம் ஒரே பைக்குள். எதைக் கொடுத்தாலும் நகல்தான்.

4. ஒரு மாதத்தில் வண்டி கிடைக்காவிட்டால் ஸ்டேஷனில் கடிதம் கேளுங்கள். பிறகு கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் ஆபீஸ். மனுக் கொடுத்ததற்குத் தேதி முத்திரையோடு ரசீது வாங்குங்கள்.

5. புரோக்கருக்குக் கமிஷன் வேண்டாம். சட்ட உதவி மையம் இலவசம்.

அடுத்த இதழில் பாங்குக் கணக்கில் நாமினி போடுவது பற்றிப் பார்ப்போம். அதுவரை, ரோட்டில் நடக்கும்போது எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாகவே நடங்கள். பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்பக்கமாக நடத்திக் கூட்டிப் போங்கள்.