சிக்கனம் வேறு, உலோபம் வேறு

அவிநாசி வட்டாரத்துக் குடியானவர்களை ஊதாரிகள் என்று எவரும் குறை கூறியதில்லை. வானம் பார்த்த காடும், ஆழக் கிணற்றை நம்பிய தோட்டமுமாக இருக்கும் இச்சீமையில், கட்டும் செட்டுமாகப் பண்ணையம் நடத்தாதவன் நெடுநாள் நிலைத்ததில்லை. ஆயினும் அந்தச் செட்டு வீட்டிற்குள் எந்த இடத்தில் செலுத்தப்படுகிறது, எந்த இடத்தில் செலுத்தப்படாமல் விடப்படுகிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்த்தால், விசனப்படவேண்டிய சில சங்கதிகள் புலப்படும்.

மழை பொய்த்த வருஷத்திலோ, விளைபொருளுக்கு விலை இறங்கிய வருஷத்திலோ, செலவைக் குறைக்கவேண்டும் என்று குடும்பத் தலைவர் தீர்மானிக்கிறார். தீர்மானம் நல்லதே. ஆனால் அது முதலில் சென்று தாக்குவது அடுப்பங்கரையை. கறந்த பால் முழுவதும் சங்கத்திற்குப் போகிறது. குழந்தைக்கு வரக்காப்பி கிடைக்கிறது. பருப்பு வாரத்திற்கு இரண்டு நாள் என்றாகிறது. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதைக் கொண்டு வீட்டு அம்மாள் தன் பசியை ஆற்றிக்கொள்கிறாள். இதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுகிறார்கள். இதே வீட்டில் ஆடவர் காலையும் மாலையும் சாலையோரக் கடையில் அருந்தும் தேநீருக்கும், ஒரு கட்டு வெற்றிலைக்காக அவிநாசி வரை ஓட்டிச்செல்லும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோலுக்கும் கணக்கு ஏது? ஒரு குவளை தேநீர் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு மூன்று குவளைக்கு 45 ரூபாய். பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், குழந்தைக்கு நிறுத்தப்பட்ட அரை லிட்டரின் கிரயம் 17 ரூபாய் 50 காசு. பரிகாசத்திற்காக இதைக் கூறுவதில்லை. எவரும் தம் வீட்டில் தாமே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பால் பணம் ஒன்றுதான் இடைவிடாமல் கைக்கு வரும் ரொக்கம். தீவனக் கடனும் மாட்டுக் கடனும் அதிலேதான் கழிகின்றன. அதைக் குறைத்தால் குடும்பம் எப்படி நடக்கும் என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. பாலை விற்கவேண்டாம் என்று அறிவுள்ள எவரும் சொல்லமாட்டார். வீட்டுக்கென்று ஓர் அளவை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைச் சங்கத்திற்கு ஊற்றுவதா, சங்கத்திற்கு ஊற்றியபின் மிச்சமிருந்தால் வீட்டுக்கா என்பதே கேள்வி. உழவு மாட்டின் தீனியைக் குறைத்துப் பணம் சேர்க்கும் குடியானவரை ஊரார் நகைப்பார்கள். பிள்ளையின் தீனி அதற்கும் கீழானதாகுமா?

தானிய விஷயமும் இதனோடு சேர்ந்ததே. முன்னாளில் கம்பும் சோளமும் கொள்ளும் பயறும் தம் காட்டிலிருந்தே குதிருக்கு வந்தன. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஏழை எளியவர்க்கு அது பேருதவி, அதில் குறைகூற இடமில்லை. ஆனால் அரிசி விலையின்றிக் கிடைக்கிறதென்று கம்பை விட்டவர்கள், கம்பிலிருந்த இரும்புச் சத்தையும் சேர்த்து விட்டார்கள். சொந்தக் காடு உள்ளவர் அரை ஏக்கரிலாவது வீட்டுக்கென்று கம்பும் ஊடுபயிராகப் பயறும் விதைப்பது இலாபமே. கம்பைத் தானியமாகவே வைத்துக்கொண்டு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் அரைக்கவேண்டும். கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து மிகுதியாகையால் சில நாட்களிலேயே காறிக் கசந்துவிடும். மாதத்திற்கு ஒருமுறை மொத்தமாக அரைத்துவைத்துப் பிறகு கொட்டுகிறவர்கள், மில்லுக்குப் போகும் சிரமத்தைத் தவிர வேறெதையும் மிச்சப்படுத்துவதில்லை.

வீட்டில் அறியாமல் கரையும் பணத்தில் பெரியது பருப்பு மூட்டைக்குள் இருக்கிறது. துவரை, உளுந்து, பயறு ஆகியவற்றைத் துளைக்கும் வண்டு வீட்டிலேதான் பிறக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. முற்றிய நெற்றின்மேல் காட்டிலேயே அது முட்டையிட்டுவிடுகிறது. களத்தில் பழுதின்றித் தோன்றிய துவரை ஒன்றரை மாதத்தில் பொடியாவது இதனாலேயே. ஒரு பெண்வண்டு நூறு முட்டை வரை இடும். முட்டை வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஆகவே மூட்டைக்குள் முதல் மாதம் தென்படும் பத்து வண்டுகளை அலட்சியம் செய்தவர், மூன்றாம் மாதம் பாதி மூட்டையை மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறார். நூறு கிலோத் துவரை, கிலோ நூறு ரூபாயென்றால் பத்தாயிரம் ரூபாய்ப் பொருள். அதில் பத்தில் ஒரு பங்கு பாழானாலும் ஆயிரம் ரூபாய். பருப்பை வாரம் இருமுறையாகக் குறைத்துக் குழந்தைகளை வாட்டிச் சேர்த்தது இதைவிட எத்தனை அதிகமாக இருந்துவிடப் போகிறது?

இதற்குப் பரிகாரம் கொங்குநாட்டுக் கிழவிகள் அறிந்ததுதான். துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, ஓரிரவு குவித்து மூடிவைத்து, நல்ல வெயிலில் சில நாள் உலர்த்தி எடுப்பது செம்மண் கட்டுதல் எனப்படும். மண் படிந்த பயறில் வண்டு முட்டையிடுவது கடினம். பின்னர்த் திரிகையிலோ மில்லிலோ உடைக்கும்போது தோலும் எளிதில் நீங்கும். முழுப் பயறாக வைப்பதைவிடப் பருப்பாக உடைத்துவைத்தால் இவ்வண்டின் உபத்திரவம் வெகுவாகக் குறைகிறது. வழவழப்பான தோலின்மீது முட்டையிடுவதே அதன் வழக்கமாகையால், தோல் நீங்கிய பருப்பை அது நாடுவதில்லை. உடைத்த பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் நல்ல முறையே. விதைக்கென நிறுத்தும் பயறுக்கு, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் பதப்படுத்திய களிமண் தூள் கலக்கும்படி கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது. எதைச் செய்தாலும் முதலில் நன்றாக உலரவேண்டும். பல்லால் கடித்தால் ‘கடுக்’கென்று உடையவேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரமுண்டு. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மூட்டை கட்டலாகாது; சூடு ஆறும்போது உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டைகளைச் சுவரோடு சாத்தாமலும் வெறுந்தரையில் வைக்காமலும் பலகைமேல் அடுக்கவேண்டும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே கூறவேண்டியிருக்கிறது. சிலர் வண்டுக்கு மலிவான மருந்தென்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எவ்விதமோ வாங்கிவந்து, மக்கள் படுத்துறங்கும் அறையிலேயே மூட்டைக்குள் போட்டுவிடுகிறார்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து எழும் விஷவாயுவிற்கு மாற்று மருந்தே கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் காற்றுப் புகாத கிடங்கில் கையாளவேண்டிய பொருள் அது. குடியிருக்கும் வீட்டிற்குள் அது நுழையவே கூடாது. கிராம அலுவலர்கள் இதைத் தம் ஊரில் வீடுவீடாகச் சொல்லிவைத்தால் அதுவே பெரும் உபகாரம்.

இனி எரிபொருள். 1889-ஆம் ஆண்டில் இந்திய விவசாயத்தை ஆராய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட வோல்க்கர் என்னும் இரசாயன சாஸ்திரி, 1893-இல் வெளியான தம் அறிக்கையில், இந்நாட்டுக் குடியானவன் சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகுப் பஞ்சத்தால்தான் என்று எழுதினார். விறகு கிடைக்கும்படி செய்தால் எரு தானே நிலத்திற்குப் போகும் என்பது அவருடைய வாதம். கொங்குநாட்டில் இதற்கு வழி வேலியிலேயே இருந்தது. முட்கிளுவையை மழைக்காலத்தில் போத்தாக நட்டு வளர்த்த உயிர்வேலி, காட்டைக் காத்தது. கழித்த முள்ளும் குச்சியும் வெந்நீர் அடுப்புக்கு ஆயின. உள்ளே நின்ற வெள்வேல மரத்தின் காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாயிற்று. இன்று அநேகர் அந்த வேலியைப் பிடுங்கியெறிந்து கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். கம்பிக்குச் செலவு ஒருமுறையோடு போவதில்லை, துருப்பிடிக்கும், திருடுபோகும். உயிர்வேலி சற்று இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது மெய்தான். பாத்தி கட்டிய தோட்டத்து ஓரத்தில் அதைப் பொறுக்கமுடியாதென்று சொல்பவரோடு வாதிடுவதற்கில்லை. மேய்ச்சல் காட்டைச் சுற்றியிருந்த கிளுவையைப் பிடுங்கியதற்கு மட்டும் யாதொரு நியாயமும் தோன்றவில்லை.

இப்பொழுது பெரும்பாலான வீடுகளில் எரிவாயு உருளை வந்துவிட்டபடியால் எருமுட்டை தட்டுவது குறைந்திருக்கிறது. ஆனால் சாணம் நிலத்திற்குப் போகிறதா? கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வெயிலிலும் மழையிலும் குவிந்துகிடந்து, சத்தில் பெரும்பகுதி காற்றோடும் தண்ணீரோடும் போனபின் சக்கையே வண்டியேறுகிறது. ஆழமில்லாத ஒரு குழி, அதன்மேல் ஒரு கீற்றுப் பந்தல், மாட்டின் மூத்திரம் அதில் வடிய ஒரு வாய்க்கால், இவ்வளவே தேவை. ஒரு டன் தொழு உரத்தில் சுமார் ஐந்து கிலோ தழைச்சத்துதான் உண்டு. யூரியாவாக வாங்கினால் பதினொரு கிலோவில் முடிந்துவிடும் என்று படித்த இளைஞர்கள் ஆட்சேபிப்பார்கள். கணக்கு சரியே. ஆனால் யூரியா செம்மண் காட்டில் ஈரத்தைப் பிடித்து வைக்காது. மக்கிய எரு வைக்கும். ஒரு மழை தவறும்போது எருவிட்ட காட்டுக்கும் விடாத காட்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தெரியும்.

இரண்டு மூன்று பெரிய மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயுக் கலம் அமைப்பது பற்றியும் யோசிக்கலாம். நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் கரைத்து விட்டால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது 450 கிராம் உருளை வாயுவுக்குச் சமம். மாதக் கணக்கில் 14.2 கிலோ உருளை ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கலத்திலிருந்து வழியும் கரைசல் எருவாகவே பயன்படும். 1984-இல் உருவான ‘தீனபந்து’ மாதிரி இவ்வளவு சிறிய அளவுக்கும் ஏற்றது. ஆனாலும் மானியம் கிடைக்கிறதென்பதற்காக ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கலம் கட்டியவர்கள் அதைக் குப்பைத் தொட்டியாக்கியதும் உண்டு. தினந்தோறும் சாணம் கரைப்பது யார் என்பதைக் கலம் கட்டுமுன்னரே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும். அதுவும் அம்மாளின் தலையிலேயே விழுவதானால், மிச்சமாகும் பணம் அவள் கையில் வந்து சேருவதே நியாயம்.

அடுப்பில் மிச்சம் பிடிப்பதற்குக் காசு செலவில்லாத வழிகள் உண்டு. துவரம்பருப்பையும் கொள்ளையும் ஊறவைத்தே வேகவைக்கவேண்டும். பாத்திரத்திற்கு மூடி வேண்டும். கொதி வந்தபின் தழலைக் குறைத்தாலும் சோறு அதே நேரத்தில்தான் வேகும். கொதிக்கும் நீரைப் பெருந்தழலால் மேலும் சூடாக்க முடியாது. மின்சாரத்தில், 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் புதுவகை விசிறி மாட்டினால், நாளுக்குப் பத்துமணி நேரம் சுழல்வதாகக் கொண்டு, இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். எப்பொழுதும் சுழலும் விசிறிக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். விருந்தினர் அறைக்கு வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றி இவ்வட்டாரத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக் காத்திருந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டு 17-இல் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் 1,045 குளம் குட்டைகளுக்கு வருமாறு அமைந்தது. குளம் நிறைந்தால் கிணறு ஊறும். ஆயினும் குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வீதியில் தேங்கிக் கொசு வளர்ப்பது அதனால் நிற்கப்போவதில்லை. அந்நீரில் ஒரு முருங்கையும், இரண்டு வாழையும், ஒரு பப்பாளியும், பந்தலில் அவரையும் தாராளமாக வளரும்.

கடைசியாகப் பெருஞ்செலவுகள். கோயமுத்தூர் ஜில்லா மானுவலை 1887-இல் எழுதிய பிரடெரிக் நிக்கல்சன் துரையே, பின்னர் 1895-லும் 1897-லும் சென்னை மாகாண விவசாய வங்கிகள் பற்றிய அறிக்கையைத் தயாரித்தவர். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு வழிகாட்டிய அறிக்கைகளுள் அது முக்கியமானது. மலிவான கடன் மட்டும் குடியானவனைக் கரையேற்றாது, சிக்கனமும் முன்யோசனையும் சுயஉதவியும் கூடவே வளரவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. சங்கங்கள் ஊர்தோறும் வந்தன. சிக்கனம் மட்டும் அடுப்பங்கரையோடு நின்றுவிட்டது. சீருக்கும் கிடாவிருந்துக்கும் பந்தலுக்கும் ஒருநாளில் செலவாகும் தொகை, பல வருஷங்களாகப் பருப்பையும் பாலையும் குறைத்துச் சேர்த்த தொகையை விழுங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி கடன். மொய் திரும்பிவரும் என்று சமாதானம் சொல்வார்கள். வந்த மொய்யைத் திருப்பிச் செய்யவேண்டும் என்பதால் அதுவும் கடனே.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒரு வருஷம் வீட்டுச் செலவைத் தேதிவாரியாக எழுதிப் பார்ப்பது நலம். எழுதுவதை அம்மாளிடம் ஒப்படைக்கலாம்; தேநீரும் பெட்ரோலும் விருந்தும் விட்டுப்போகாமல் எழுதப்படும். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள் வரவு செலவு எழுதப் பழகியவர்களாகையால், ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் முதலில் தம் வீட்டில் தொடங்கி, பிறகு அக்குழுக்களைக் கொண்டு மற்றவர்க்கும் பழக்கலாம்.

துவரை அறுவடை தையிலும் மாசியிலும் வருகிறது. மாசி வெயில் இதமாகவும் காய்ச்சலாகவும் இருக்கும்போதே செம்மண் கட்டி உலர்த்தி, பங்குனிக்குள் உடைத்துவைத்துவிடவேண்டும். சித்திரையில் அவிநாசித் தேர் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் மூட்டையில் வண்டின் இரண்டாம் தலைமுறை பிறந்திருக்கும்.