புதுப் பெயின்ற், பழைய சுருள்: ‘ரீகண்டிஷன்’ வெல்டிங் பிளான்ட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் போய், சாம்பல்தீவுப் பக்கமாகக் கடற்கரைக்குத் திரும்பினால் சல்லி வரும். முத்துமாரி அம்மன் கோயிலால் பெயர்பெற்ற மீனவக் கிராமம். இங்கே இரும்பு அதிக நாள் தாங்குவதில்லை. உப்புக்காற்று கேற்றையும் தின்கிறது, கூரைச் சட்டத்தையும் தின்கிறது, படகு இழுக்கும் ட்ரெய்லரையும் தின்கிறது. அதனால் ஒரு சின்ன வெல்டிங் பட்டறைக்கு வருடம் முழுவதும் ஏதாவது வேலை இருக்கும்.

அப்படியொரு பட்டறை வைத்திருப்பவரை அண்மையில் சந்தித்தேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மனைவியின் காப்பு இரண்டையும் அடகு வைத்து ‘ஜப்பான் ரீகண்டிஷன்’ பிளான்ட் ஒன்றை வாங்கியிருக்கிறார். மினுங்கும் சிவப்புப் பெயின்ற், 400 அம்பியர் என்று எழுதிய ஸ்ரிக்கர், சாதாரண வீட்டுப் பிளக். தடித்த குச்சி போட்டால் ஐந்தாவது குச்சியிலேயே சூடேறி நின்றுவிடுகிறது. பின்னர் உற்றுப் பார்த்தபோதுதான், பழைய பெயர்த்தகடு அறையப்பட்டிருந்த நான்கு ஓட்டைகளை அடைத்து, அதன் மேல் புதிய ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பது தெரிந்திருக்கிறது. விற்ற கடைக்குத் திரும்பப் போனால், செக்கிங் வொரண்டி ஏழு நாள், இன்று ஒன்பதாம் நாள் என்று பதில். காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பாவித்த மெஷினை வாங்கியது அவருடைய பிழையல்ல. நல்ல பாவித்த மெஷின், மலிவான புதிய மெஷினைவிட அதிக காலம் உழைக்கக்கூடும். ஆனால் தான் வாங்குவது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளும் வழி அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியது.

ஏன் இப்போது?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வருட மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்துகொண்டன. கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை பின்னர் தளர்ந்தாலும், பழைய விலைகள் திரும்பவில்லை. டொலரில் வரும் எந்தக் கருவியும் சிறு பட்டறைக்குப் பெரும் முதலாகிவிட்டது. பாவித்த பொருட்களின் சந்தைக்கு இதுவே உரம்.

மறுபக்கம், வேலை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பும் உண்டு. 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிட்டு அபிவிருத்தி செய்வதற்கான உடன்படிக்கை 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றுக்கிடையிலான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் வந்தது. சம்பூர் சூரிய மின்திட்டத்தின் தொடக்க நிகழ்வும் அதே மாதம் நடந்தது. தாங்கியை ஒட்டும் வேலை சல்லிப் பட்டறைக்கு நேரடியாக வராது. அதற்குச் சான்றிதழ் பெற்ற ஒட்டுநர்களும் பரிசோதனைகளும் வேண்டும். ஆனால் வேலி, தாங்குசட்டம், தற்காலிகக் கொட்டகை போன்ற துணை வேலைகள் கைமாறி வரலாம் என்ற நம்பிக்கையில் பலர் மெஷின் தேடுகிறார்கள். பணமில்லாமல் அவசரத்தில் வாங்குபவரையே இந்தச் சந்தை எதிர்பார்த்திருக்கிறது.

வெள்ளமும் ஒரு காரணம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்துக்குப் பிறகு, நீரில் மூழ்கிய மின்கருவிகள் சுத்தம் செய்யப்பட்டு விற்பனைக்கு வரும் வாய்ப்பை வாங்குபவர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு சொல், மூன்று பொருள்

‘ரீகண்டிஷன்’ என்ற சொல்லை நாம் ஜப்பான் வாகனங்களிடமிருந்து பழகிக்கொண்டோம். அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறுபட்ட பொருட்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, உண்மையாகவே மீள்சீரமைத்தது. பழுதான பாகம் மாற்றி, காப்பு பரிசோதித்து, பழைய தகட்டை அப்படியே வைத்து விற்பது. இரண்டாவது, புதிய மெஷினுக்கு வேறு பெயர் ஒட்டுவது. ஒரே தொழிற்சாலை செய்யும் மெஷினைப் பல இறக்குமதியாளர்கள் தத்தமது பெயரில் விற்பது உலகெங்கும் நடக்கும் வணிகம். உண்மையான திறன் எழுதியிருந்தால் அதில் குற்றமில்லை. மூன்றாவது, பாவித்ததற்குப் பெயின்ற் அடித்து, தகட்டைக் கழற்றி, வேறு பெயரும் பெரிய இலக்கமும் ஒட்டுவது. சல்லி நண்பருக்குக் கிடைத்தது மூன்றாவது. விலையோ முதலாவதற்குரியது.

பெயர் மாறினால் மெஷினோடு வந்த தகவல் எல்லாம் அழிந்துவிடுகிறது. எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது, எத்தனை அம்பியர், எவ்வளவு நேரம் தொடர்ந்து எரியும், எந்த உதிரிப்பாகம் பொருந்தும் என்பவை எல்லாம் பழைய தகட்டில்தான் இருந்தன.

கடையிலேயே போடக்கூடிய கணக்கு

குச்சி வெல்டிங்குக்கான சர்வதேசத் தரத்தில் ஒரு எளிய சூத்திரம் உண்டு. எரியும்போது இருக்கவேண்டிய வோல்ட் அளவு, 20 உடன் அம்பியரின் 0.04 மடங்கைக் கூட்டினால் வரும். 400 அம்பியருக்கு 36 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 14,400 வாட். 230 வோல்ட்டால் பிரித்தால், இழப்பு எதுவும் இல்லை என்று வைத்தாலும், சுவரிலிருந்து 62 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். நமது சாதாரண வீட்டு ஒற்றைக்கட்ட இணைப்பு 30 அம்பியர். ஆகவே வீட்டுப் பிளக்கோடு வரும் ‘400 அம்பியர்’ மெஷின் ஒரு பொய். மூடியைத் திறக்காமலேயே இதைச் சொல்லிவிடலாம்.

அதே கணக்கில் 120 அம்பியருக்கு 13 அம்பியரும் இழப்பும் மட்டுமே. கேற், கிறில் வேலைக்குப் போதுமான 3.2 மில்லிமீற்றர் குச்சி எரிவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். பலருக்குத் தேவைப்படுவது 400 என்ற இலக்கமே அல்ல.

இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது வேலைவீதம். தகட்டில் 200 அம்பியர், 35 வீதம் என்று இருந்தால், பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் மட்டுமே 200இல் எரிக்கலாம் என்று பொருள். இடைவிடாமல் எரிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 118 அம்பியர்தான் கிடைக்கும். தரப்படி இதை 40 பாகை வெப்பத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த இலக்கமே இல்லாத ஸ்ரிக்கரை நம்பி தகரக் கூரைக்கடியில் வேலை செய்யப்போகிறவர் பணம் கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, ஜப்பான் மெஷினுக்கே உரிய சிக்கல். அங்கே மின்சாரம் 100 அல்லது 200 வோல்ட். டோக்கியோப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்காப் பக்கம் 60 ஹேர்ட்ஸ். 200 வோல்ட், 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ட்ரான்ஸ்போமர் மெஷினை நமது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸில் கொழுவினால், அதன் இரும்புக் கருவில் காந்தச் சுமை 38 வீதம் கூடும். குச்சி தொடாமலே உறுமும், சும்மா இருக்கும்போதே சூடாகும், கடைசியில் சுருள் எரியும். இரண்டு ஹேர்ட்ஸுக்கும் செய்த ஜப்பான் மெஷின்கள் இருக்கின்றன. 200 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் ட்ரான்ஸ்போமர் ஒன்றையும் சேர்த்து அவற்றை நிம்மதியாகப் பாவிக்கலாம். ஆனால் இது எது என்று சொல்லும் தகட்டைத்தான் கழற்றி எறிந்துவிட்டார்கள்.

மூடியைக் கழற்றச் சொல்லுங்கள்

நல்ல விற்பனையாளர் மறுக்கமாட்டார். மறுத்தால் அதுவே விடை.

ஆணித் தலைகளில் பெயின்ற் படிந்திருக்கிறதா, காற்றாடிச் சிறகில் பழைய தூசு இருக்க வெளிப்பெட்டி மட்டும் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ட்ரான்ஸ்போமர் மெஷினில் சுருள் செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் செம்பில் 61 வீதமளவுக்கே மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியச் சுருள் குற்றமல்ல; செம்பு விலைக்கு அலுமினியம் விற்பதுதான் குற்றம். இன்வேட்டர் மெஷினில் மின்சுற்றுப் பலகையைப் பாருங்கள். பச்சை பூத்த இணைப்பு, சேற்றுக் கோடு, வீங்கிய கொண்டென்சர், திரும்பத் திரும்ப ஈயம் வைத்த தடம் ஆகியவை கடற்காற்றினதோ வெள்ளத்தினதோ பழைய பழுதினதோ அடையாளங்கள்.

பிறகு எரித்துப் பாருங்கள். ஒரு குச்சி போதாது. உங்கள் வழக்கமான குச்சியில் பத்தை அடுத்தடுத்து எரித்து, கிளாம்ப் மீற்றரில் அம்பியர் விழுகிறதா என்று கவனியுங்கள். முதல் குச்சிக்கு எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான்.

உயிரோடு தொடர்பான பரிசோதனை இன்னொன்று உண்டு. 500 வோல்ட் மெகர் வைத்து, சுவர்ப் பக்கச் சுருளுக்கும் குச்சிப் பக்கச் சுருளுக்கும் இடையிலான காப்பை அளக்க வேண்டும். 5 மெகாஓமுக்குக் குறைந்தால் அந்த மெஷினைத் தொடக்கூடாது. காப்பு உடைந்தால் சுவரிலுள்ள 230 வோல்ட் குச்சிப் பிடிக்கே வரும். வியர்வையோடு ஈர மணலில் நின்று ட்ரெய்லர் ஒட்டுபவருக்கு அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. புதிய பெயின்ற் இதைத்தான் முதலில் மறைக்கிறது.

அப்படியென்றால் விலை?

ஒரு பழைய மெஷினுக்கு அடிவிலையும் மேல்விலையும் உண்டு. அடிவிலை, பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைப்பது. செம்புச் சுருள் மெஷின் செத்தாலும் அதற்கு ஒரு விலை இருக்கும். அலுமினியத்துக்கு அது மிகக் குறைவு. இன்வேட்டருக்கு ஏறக்குறைய இல்லை.

மேல்விலைக்கு ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் வேலைக்குப் போதுமான புதிய மெஷின் 100,000 ரூபா, ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 20,000. கையிலுள்ள பாவித்த மெஷின் இன்னும் மூன்று வருடம் போகும் என்று பரிசோதனையில் தெரிந்தால் அதன் பெறுமதி 60,000. உடனே செய்யவேண்டிய பழுதுக்கு 10,000 கழித்தால் 50,000. அதற்கு மேல் கொடுப்பது புதியதை வாங்குவதைவிட நட்டம். வருடத்தில் ஐந்து நாள் கூடுதலாக நின்றுபோகும் என்ற அச்சம் இருந்து, ஒரு நாள் உழைப்பு 4,000 ரூபாவாக இருந்தால், மூன்று வருடத்துக்கு 60,000 போய்விடும். இலவசமாகத் தந்தாலும் கட்டாத மெஷின் அது.

இந்தக் கணக்கில் ஸ்ரிக்கரிலுள்ள பெயருக்கு எந்த இடமும் இல்லை. மிச்சமிருக்கும் ஆயுளுக்கு மட்டுமே இடம். அந்த ஆயுளை அறிய விடாத விற்பனையாளருக்கு எடைவிலைக்கு மேல் கொடுக்க நியாயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் வணிக நடத்தையைத் தடை செய்கிறது. பொருளின் தரம், வகை பற்றிப் பொய்யாகச் சொல்வதற்கும் தனித் தடை உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், விபரணத்துக்குப் பொருந்தாத பொருளை ஏற்கவேண்டியதில்லை என்கிறது. ஆனால் அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைக்குப் பின்னர் தரத்தைக் காட்டி முறையிடுவது கடினம். மேலோட்டமாகப் பார்த்துத் தலையாட்டுவது அதனால்தான் ஆபத்து.

பற்றுச்சீட்டில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சல்லி நண்பரின் சீட்டில் ‘வெல்டிங் பிளான்ட் 1’ என்று மட்டுமே இருக்கிறது. ‘பாவித்தது, ட்ரான்ஸ்போமர், செம்புச் சுருள், 200 அம்பியர், தொடரிலக்கம் இன்னது’ என்று எழுதியிருந்தால் அவரது கையில் ஒரு ஆதாரம் இருந்திருக்கும். ஸ்ரிக்கரின் படம், விளம்பரத்தின் படம், சீட்டு ஆகிய மூன்றையும் வைத்திருங்கள். முறைப்பாட்டை எழுத்தில், காலம் கடத்தாமல், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. கடைக்காரர் சொல்லும் ஏழு நாள் செக்கிங் வொரண்டி, பொய்யான ஸ்ரிக்கருக்கு மன்னிப்பு ஆகாது.

வாங்குபவர் மட்டும் விழிப்பாக இருந்தால் போதும் என்று முடிப்பது எளிது. நகையை அடகு வைத்துக் கடைவாசலில் நிற்பவரிடம் மெகர் கொண்டுவரச் சொல்வது நியாயமில்லை. லேபல் பற்றி வணிகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் நுகர்வோர் அதிகார சபைக்கு 10ஆம் பிரிவில் இருக்கிறது. பாவித்த மின்கருவியில் ‘பாவித்தது’ என்று எழுதவேண்டும், மூலத் தகட்டைக் கழற்றக்கூடாது என்ற இரண்டு வரிகள் போதும். திருகோணமலையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், சிறு கட்டணத்துக்கு, மெகரும் கிளாம்ப் மீற்றரும் வைத்து மெஷின்களைப் பரிசோதித்து ஒரு தாள் கொடுத்தால், மாணவருக்கும் பயிற்சி, பட்டறைக்காரருக்கும் காப்பு.

எண்ணெய்த் தாங்கிகளுக்கும் சூரியத் தகடுகளுக்கும் நாடுகள் கையெழுத்திடுகின்றன. அந்த அபிவிருத்தியில் சல்லிக்கு ஒரு பங்கு வருமென்றால், அது இப்படியான சிறு பட்டறைகள் வழியாகத்தான் வரும். நண்பர் இப்போது அந்தச் சிவப்பு மெஷினில் 2.5 மில்லிமீற்றர் குச்சி மட்டும் போட்டு, இடையிடையே ஆறவிட்டு, கேற் வேலை செய்கிறார். தடித்த இரும்பு வேலை வந்தால் திருப்பி அனுப்புகிறார். அடகு வட்டி மட்டும் ஆறவிடாமல் ஓடுகிறது.