கூலிக்குப் பாடினால் பாட்டு பொய்யா?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் செல்போன் அடித்தது. வந்தது பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் பாட்டு. மேசை முழுவதும் சிரிப்பு. "இந்த வயதிலுமா?" என்றார்கள். இளையராஜா பாட்டாக இருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். பழைய இந்திப் பாட்டாக இருந்தால் கூடவே முணுமுணுத்திருப்பார்கள்.

இங்கிலீஷ் நன்றாகப் படித்த ஒருவர் காரணமும் சொன்னார். "அது சங்கீதமே இல்லை ஐயா. முதலாளி ஒருவன் பையன்களைப் பொறுக்கி எடுத்து, எழுதிக் கொடுத்ததைப் பாட வைத்தான். பாக்டரி சரக்கு" என்றார்.

அவர் சொன்ன தகவலில் தவறில்லை. அதிலிருந்து அவர் கண்ட முடிவுதான் தவறு.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உள்ளது ஆர்லாண்டோ நகரம். அங்கே விமான வாடகைத் தொழில் செய்துவந்த லூ பேர்ல்மன் என்பவர், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தார். 1993-ம் ஆண்டு ஐந்து பேர் சேர்ந்தார்கள். நிக் கார்ட்டருக்கு அப்போது வயது 13. கெவின் ரிச்சர்ட்சன், டிஸ்னி பூங்காவில் வேஷம் கட்டி வேலை பார்த்தவர். அந்த ஊரில் பழைய பொருட்கள் விற்கும் சந்தை ஒன்றின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். நாம் "சோர் பஜார் பையன்கள்" என்று வைத்துக்கொள்வது மாதிரி.

சொந்த நாட்டில் முதலில் யாரும் சீண்டவில்லை. ஜெர்மனி பக்கம் போய்த்தான் பெயர் எடுத்தார்கள். ஊரில் விலைபோகாதவன் வெளியூர் போய்ப் பிழைப்பது நமக்குத் தெரியாத கதையா?

இனி, பாக்டரி விஷயத்துக்கு வருவோம். குழுவில் பிரையன் லிட்ரெல் என்பவருக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் செய்தாக வேண்டும். நிகழ்ச்சிகள் இருக்கின்றன என்று இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். கடைசியில் 1998 மே மாதம் ஆபரேஷன் நடந்தது. இரண்டே மாதத்தில் மறுபடி மேடை ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கிடைக்காமல் தவித்தவர்களுக்கு இது புரியும்.

அதே ஆண்டு பேர்ல்மன் மீது வழக்கு. நான்கைந்து ஆண்டில் அவர் தரப்புக்குப் போனது சுமார் 1 கோடி டாலர். ஐந்து பேருக்கும் சேர்த்து வந்தது 3 லட்சம் டாலர் என்பது புகார். போதாததற்கு, தன்னைக் குழுவின் ஆறாவது ஆளாகவும் கணக்குக் காட்டி அவர் ஒரு பங்கு வாங்கினார். வேலைக்கே வராமல் மஸ்டர் ரோலில் தன் பெயரையும் எழுதிக் கூலி வாங்கும் மேஸ்திரிகளை நாம் பார்த்ததில்லையா? பின்னால் அவர் 30 கோடி டாலருக்கு மேல் மோசடி செய்ததாக இந்தோனேசியாவில் பிடிபட்டு, 2008-ல் 25 ஆண்டு சிறைத் தண்டனை பெற்று, 2016-ல் காவலிலேயே இறந்தார்.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. 1999-ல் "மில்லேனியம்" ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 11 லட்சத்துக்கு மேல் விற்றது. எனக்கு 13 வயது. தாராவியில் எங்கள் சாலில் நாங்களும் ஐந்து பேர். காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்ற பெரிய கடை இருந்தது. 2016-ல் மூடிவிட்டார்கள். அதன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கேசட்டை தாதர் நடைபாதையில் வாங்கினோம். திருட்டுப் பதிப்புதான், ஒளிப்பானேன்.

கான்வென்டில் படித்த ஒருவன் நிறுத்தி நிறுத்திக் கேட்டுச் சொல்லச் சொல்ல, நான் நோட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்தில் எழுதினேன். எனக்குக் குரல் உடைந்துவிட்டதால் கெவின் பாகம். பொங்கல் விழாவில் பாட அனுமதி கேட்டோம். "தமிழ் விழாவில் இங்கிலீஷ் கூத்தா?" என்று ஒரு பெரியவர் விரட்டினார். அவர் சொன்னதும் நியாயம்தான்! மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பாடினோம்.

"ஐ வான்ட் இட் தட் வே" பாட்டுக்கு எனக்குப் பொருள் விளங்கவே இல்லை. என் இங்கிலீஷ்தான் குறை என்று பல ஆண்டு வெட்கப்பட்டிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, இங்கிலீஷ்காரர்களுக்கும் அது விளங்கவில்லை என்று. எழுதிய மாக்ஸ் மார்ட்டினும் ஆண்ட்ரியாஸ் கார்ல்சனும் சுவீடன் நாட்டவர்கள். பொருள் விளங்கும்படி வேறு வரிகள் போட்டும் பதிவு செய்து பார்த்தார்கள். பழையதே நன்றாக இருக்கிறது என்று பாடியவர்களே சொல்லிவிட்டார்கள். ஐந்து குரல் ஏறி இறங்கிச் சேரும் இடத்தில் அகராதிக்கு வேலை இல்லை.

எங்கள் தெருவில் தோல் பை தைக்கிறார்கள். அளவு கொடுப்பவர் ஒருவர், லேபிள் ஒட்டி விற்பவர் இன்னொருவர். தையல் நம் ஆளுடையது. அதைப் பொய்யான பை என்று யாராவது சொல்வார்களா? சொன்னால், தைத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மேஸ்திரி போன பிறகும் அந்த ஐவர் பாடினார்கள். 2006-ல் விலகிய கெவின், 2012-ல் திரும்பி வந்தார். ஏமாற்றியவன் செத்தான், பாட்டு இருக்கிறது.

2023 மே மாதம் 4-ந் தேதி மும்பைக்கே வந்தார்கள். பாந்த்ரா-குர்லா வளாகத்தில் நிகழ்ச்சி. மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் தாராவி. டிக்கெட் விலையைப் பார்த்ததும் மகளின் பள்ளிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. போகவில்லை. எங்கள் ஐவரில் ஒருவன் மஸ்கட்டில் வெல்டர். அன்று ராத்திரி அவன் போன் செய்தான். "போயிருப்பாய் என்று நினைத்தேன்டா" என்றான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் மகள் எடுத்துப் படித்துப் பார்த்துச் சிரித்தாள். தப்பா என்று கேட்டேன். முதல் பாட்டில் மட்டும் ஏழு தப்பு என்றாள். திருத்தித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தாள். வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டேன்.