ஓவியமும் சோலையும்

சோலை அமைப்பார்க்கு மண்ணறிவு மட்டும் போதாது. ஓவியன் கண்ணும் வேண்டும் என்பது என் துணிபு. மேனாட்டார் இதனை முன்னரே உணர்ந்தனர். 17ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த குளோட் லொரேன் என்னும் பிரெஞ்சு ஓவியர், அருகே நிழல் செறிந்த மரமும், நடுவே நீர்ப்பரப்பும், சேய்மையில் ஒளி பரந்த வானுமாக நிலக்காட்சிகளைத் தீட்டினார். அத்தகைய படங்களில் ஈடுபட்ட ஹென்றி ஹோர் என்னும் செல்வர், இங்கிலாந்தில் 1740களில் தொடங்கிய ஸ்டவர்ஹெட் சோலையில், நீரை மறித்து ஏரியாக்கி, கரையில் கோயில்களும் மரத்தொகுதிகளும் அமைத்தார்.

அவ்வழியிற் செல்லுதல் அவர்தம் படத்தைப் பெயர்த்து நம் மண்ணில் நடுதலோ? அன்று. பிரேசில் நாட்டு ஓவியர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் (1909–1994) இளமையில் பெர்லினில் தங்கியபோது, ஆங்குள்ள தாவரப் பூங்காவின் கண்ணாடி மனைகளில் தம் நாட்டுச் செடிகளைக் கண்டு வியந்தார். தாயகம் மீண்டு, அவற்றையே வண்ணங்களாகக் கொண்டு சோலைகள் வகுத்தார்.

தமிழ் பயில்வார்க்கு இது புதிதன்று. நிலமும் பொழுதும் முதல். மரமும் புள்ளும் போல்வன கரு. மக்கள் ஒழுக்கம் உரி என்றார் தொல்காப்பியர். சோலைக்கும் இம்முறையே சாலும். நிலத்தை முதலிற் காண்க. அதற்குரிய மரத்தைப் பின் நடுக.

பாக்கு விரிகுடாக் கரையிலுள்ள எம்மூர் திருப்பாலைக்குடியை எண்ணுக. நன்னீர் அரிதாகிய அந்நிலத்தில், மகளிர் குடமேந்திக் காத்திருக்க, முற்றத்துச் சீமைப் புல்லுக்கு நீர் பாய்ச்சுதல் அழகன்று, அறமுமன்று. அதற்கு ஈடாக, முன்னே மணலில் அடும்பு படரட்டும். நடுவே புன்னையும் பூவரசும் நிழல் பரப்பட்டும். அப்பால் பனைவரிசையினூடே கடல் தோன்றட்டும். இடையே சிறிது வெறுமணலும் கிடக்கட்டும். ஓவியன் தீட்டாது விடும் இடமும் ஓவியத்தின் உறுப்பேயன்றோ?

‘தானே முளைப்பனவற்றை நடுதலும் ஒரு கலையோ?’ என நகுவாரும் உளர். சொற்கள் ஊரார் எல்லார்க்கும் பொது. அவற்றைத் தொடுக்கும் முறையாற் பாட்டுப் பிறக்கிறது. எதனை அருகே வைப்பது, எதனை மறைப்பது, எவ்விடத்தே கண்ணைச் சேய்மைக்குச் செலுத்துவது என்று தேர்தலே சோலையின் கலை.

நம் கல்லூரிப் புல்தரையின் ஒரு மூலையையேனும் இவ்வண்ணம் அமைத்து, ஓராண்டிற் செலவாகும் நீரை அளந்து பார்ப்போமாக. இம்முயற்சியை ஆசிரியரும் மாணவரும் சீர்தூக்கிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன்.