பையன் ஸ்போர்ட்ஸ் பைக் கேக்குறான்... வாங்கித் தரலாமா டாக்டர்?

1/
போன வாரம் நைட் டூட்டியில் எங்கள் சீனியர் சிஸ்டர் கேட்டாங்க.

"சார், பையன் காலேஜ் சேர்ந்துட்டான். ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்கித் தரலாமா? நீங்களும் பைக் ஓட்டுறவர்தானே, சொல்லுங்க."

அதற்குள் ஒரு கேஸ் வந்துவிட்டது. அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு ஓடினேன். சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதில் இது. கொஞ்சம் நீளம். பிள்ளை வளர்க்கிறவங்க, வண்டி ஓட்டுறவங்க ரெண்டு பேரும் பொறுமையா படிங்க.

2/
முதலில் ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு பைக் பிடிக்கும். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஸ்டைபண்ட் காசைச் சேர்த்து செகண்ட் ஹேண்டில் ஒரு 150 சிசி வாங்கினேன். இப்போ வீட்டில் மனைவிக்கு ஒரு ஸ்கூட்டர், எனக்கு ஒரு 160 சிசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைத்துக்கொண்டே அரை மணி நேரம் போக்குகிறவன் நான்.

அதனால் "பைக்னாலே எமன்" என்று பயமுறுத்தும் பதிவு இல்லை இது.

அதே நேரம், நான் எலும்பு நிபுணரும் இல்லை, மூளை அறுவை நிபுணரும் இல்லை. ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் கேஷுவாலிட்டியில் முதலில் பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். அங்கிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

3/
கேஷுவாலிட்டியில் திரும்பத் திரும்பக் கேட்கிற ரெண்டு வாக்கியம் இருக்கு.

"சின்ன வண்டிதான் சார்."
"இங்க பக்கத்துலதான் சார் போனாங்க."

என் அனுபவத்தில் ஆளைக் கொல்வது ஸ்போர்ட்ஸ் பைக்கா ஸ்கூட்டரா என்பதை விட, இந்த ரெண்டு நம்பிக்கைகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

4/
"சின்ன வண்டி."

நம்ம அப்பா தலைமுறைக்கு 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100. நமக்கு 2001-ல் பல்சர். 2008-ல் ஆர்15. 2012-ல் டியூக் 200. 150, 200 சிசி எல்லாம் உலக அளவில் சின்ன இன்ஜின்தான். மறுக்கவில்லை.

ஆனால் பையன் ஓட்டிப் பழகியது அப்பாவோட ஸ்பிளெண்டரில். அதன் சக்தி சுமார் 8 பிஎஸ். ஆர்15 சுமார் 18. டியூக் 200 சுமார் 25. அதாவது பழகின வண்டியைப் போல மூன்று மடங்கு சக்தியை ஒரே நாளில் கையில் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு "பார்த்துப் போடா" என்கிறோம்.

5/
நம் உடம்புக்கு சிசி தெரியாது. வேகம் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூட இயற்பியல் கணக்குதான் இது.

30 கிமீ வேகத்தில் போய் மோதி நிற்பது, சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது ஒரு மாடி.
60 கிமீ என்றால் சுமார் 14 மீட்டர். நாலு மாடிக்கு மேல்.
80 கிமீ என்றால் சுமார் 25 மீட்டர். எட்டு மாடி.

60-ல் இருந்து 80-க்கு வெறும் 20 தான் கூடுது. ஆனால் உயரம் நாலு மாடி கூடிவிடுகிறது. அந்த வேகத்தைத் தருவது 110 சிசி ஸ்கூட்டரா, 200 சிசி பைக்கா என்று மண்டை ஓடு கேட்பதில்லை.

6/
"பக்கத்துலதான்."

(இனி சொல்லும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

காலை எட்டரை மணி. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா. ஸ்கூட்டர். வேகம் முப்பது கூட இருக்காது. நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தார். தலை மீடியனில் மோதியது.

கணவர் ஹெல்மெட்டோடு வந்து நின்றார். "சீட்டுக்கு அடியில இருந்துச்சு சார்" என்றார். புது ஹெல்மெட். அதில் ஒரு கீறல் இல்லை.

அந்த அம்மா உயிர் பிழைத்தார். ஆனால் பிள்ளை பெயரைச் சொல்ல அவருக்கு இரண்டு மாதம் ஆனது.

7/
இது ஒரு ஊர்க் கதை இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஒரு ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. இதில் 14,337 பேர் வண்டியே ஓட்டவில்லை. பின்னாடி உட்கார்ந்து வந்தவர்கள்.

அந்தக் கடைசி எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்து சொல்லப் போவது அப்படி ஒருவனைப் பற்றி.

8/
பத்தொன்பது வயசுப் பையன். அப்பா ஒரு சின்ன மளிகைக் கடை வச்சிருக்கார். பையன் பைக் கேட்டு ஒரு வருஷமா சண்டை. அப்பா கடைசி வரை முடியாதுன்னுட்டார்.

பையன் நண்பனோட பைக்கில் பின்னாடி உட்கார்ந்து டீ குடிக்கப் போனான். அந்த பைக்குகளில் பின்சீட் உயரமா, குட்டியா, சாய்வா இருக்கும். பிடிக்க எதுவும் சரியா இருக்காது. வளைவில் மணல். ஓட்டியவன் தலையில் ஹெல்மெட் இருந்தது. அவனுக்கு காலர் எலும்பு உடைந்தது. பின்னாடி இருந்தவன் தூக்கி எறியப்பட்டான்.

வெளியே அந்த அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னது: "நான் வண்டியே வாங்கித் தரலையே சார்..."

அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை.

9/
அதனால்தான் சொல்கிறேன். "வாங்கித் தர மாட்டேன்" என்பதோடு பெற்றோர் கடமை முடிந்துவிடாது. நீங்க வாங்கித் தராவிட்டாலும் அவன் வண்டியில் போகத்தான் போகிறான். இரவல் வண்டியில், பழக்கம் இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல்.

"கேட்டான், வாங்கிக் கொடுத்துட்டேன்" என்பதும் பதில் இல்லை.

என் பதில்: வாங்கித் தரலாம். ஆனால் கீழே உள்ளதை எல்லாம் சேர்த்து வாங்கித் தருவதாக இருந்தால் மட்டும்.

10/
முதலில் வயசும் லைசென்ஸும். 18 முடியாமல் இந்த வண்டிகளைத் தொடக் கூடாது. 16 வயசில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். வீட்டில் நிற்கும் 110 சிசி ஸ்கூட்டருக்குக் கூட அது செல்லாது.

2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 18 நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

இன்னொன்று. வண்டி உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான் உதவும்.

11/
அடுத்து பட்ஜெட். ஷோரூமில் ஆன்ரோடு விலை கேட்கிறோம், இஎம்ஐ கணக்குப் போடுகிறோம். அதோடு இதையும் சேருங்க: ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட் இரண்டு, கிளவுஸ், கணுக்காலை மூடும் ஷூ. முடிந்தால் ஜாக்கெட்.

ஹெல்மெட் ஏன் இரண்டு? 14,337. அதனால்தான்.

கிளவுஸ் எதுக்கு? விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுவோம். உள்ளங்கைத் தோல் தார் ரோட்டில் உரிந்து வந்தவனுக்கு டிரஸ்ஸிங் மாத்தும்போது அவன் போடும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும். செருப்பில் வந்தவர்களின் குதிகாலைப் பற்றி எழுதினால் நீங்க சாப்பிட மாட்டீங்க.

இதுக்குக் காசு இல்லைன்னா, அந்த வண்டிக்கும் நம்மகிட்ட காசு இல்லைன்னுதான் அர்த்தம். ஒரு படி கீழே உள்ள வண்டியை எடுங்க. அதில் அவமானம் இல்லை.

12/
பழக்கம். முதல் ஆறு மாதம் 100 அல்லது 125 சிசி. பிறகு பெரியது. புது வண்டி வந்ததும் காலி மைதானத்தில் பிரேக் மட்டும் பிடித்துப் பழகச் சொல்லுங்க. "முன் பிரேக் பிடிச்சா கவுந்துடுவ" என்று நமக்குச் சொல்லி வளர்த்தாங்க. அது பாதி உண்மை. வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கு. படக்கென்று பிடிக்காமல், ரெண்டையும் சேர்த்து, படிப்படியா அழுத்தப் பழகணும்.

2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும். மணலை அகற்றாது. முன்னாடி போகிற பஸ்ஸையும் நகர்த்தாது.

13/
அழகுக்காக எதையும் கழற்றக் கூடாது. முதலில் கண்ணாடியைக் கழற்றுவார்கள், அடுத்து சாரி கார்டு. பின்சக்கரத்தில் சேலையும் துப்பட்டாவும் சிக்கி, கழுத்து இறுகி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். காலைச் சக்கரத்துக்குள் விட்ட குழந்தைகளையும். அந்தக் கம்பி அசிங்கமா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்.

14/
தூக்கம். இது என் சொந்தக் கதை. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ 24 மணி நேர டூட்டி முடித்துக் காலையில் ரூமுக்குக் கிளம்பினேன். தூரம் மூணு கிலோமீட்டர். "பக்கத்துலதானே" என்று நானும்தான் நினைத்தேன். கண்ணை மூடியது ஞாபகம் இல்லை. ரோட்டோர மண்ணில் கிடந்தது ஞாபகம் இருக்கு. இடது மணிக்கட்டு உடைந்தது. ஹெல்மெட்டின் பக்கவாட்டில் என் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் என் தலையில் இருந்திருந்தால் இந்தப் பதிவு இல்லை.

அன்று டூட்டி முடித்த கையோடு ஷேர் ஆட்டோவில் போயிருக்கணும். இன்று வரை நைட் டூட்டி முடிந்தால் நான் வண்டியைத் தொடுவதில்லை. குடித்தால் எப்படித் தொடக் கூடாதோ, அப்படி.

15/
கமெண்டில் வரப்போகும் கேள்விகளுக்கு இப்பவே பதில்.

"முடி கொட்டும் டாக்டர்." ஆண்களுக்கு வழுக்கை பெரும்பாலும் பரம்பரையும் ஹார்மோனும் தருவது. உள்ளே பருத்தித் துணி கட்டுங்க. உள் உறையைத் துவைங்க.

"ஹெல்மெட் போட்டும் செத்தவங்க இருக்காங்களே?" இருக்காங்க. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் மரண ஆபத்தை சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது. தாடைப் பட்டையை மாட்டினால்தான் இந்தக் கணக்கு. மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னாடி பறந்து போயிடும்.

"ரோடு சரியில்லை, குழி." முழுக்க உண்மை. கேளுங்க, மனு கொடுங்க, விடாதீங்க. ஆனால் குழி மூடப்படும் வரை தலையை மூடி வைங்க.

16/
விபத்தைப் பார்த்தால்: உடனே 108. பேச்சு மூச்சு சரியா இருந்தால் ஹெல்மெட்டைப் பிடுங்காதீங்க. கை காலைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்காதீங்க, கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம். தண்ணீர், சோடா வேண்டாம். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிங்க.

"நல்லாதான் இருக்கேன்" என்று எழுந்து நடப்பவரையும் விட்டுடாதீங்க. மூளைக்கு மேல் ரத்தம் கசிந்தால் சில மணி நேரம் நல்லா பேசிட்டு அப்புறம் சாய்வார்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, காது மூக்கில் ரத்தமோ நீரோ வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

உதவி செய்தவரைச் சட்டம் பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை கூடக் கேட்க மாட்டார்கள். காசு பற்றி யோசித்து நேரத்தைக் கழிக்காதீங்க.

17/
நேற்று சிஸ்டர்கிட்ட இதையெல்லாம் முழுசா சொன்னேன். கேட்டுட்டு, "லிஸ்ட்ட எழுதிக் குடுங்க சார், அவன்கிட்ட காட்டுறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவரிடம் ஒன்று கேட்டேன். "சிஸ்டர், நீங்க தினமும் டூட்டிக்கு எதுல வர்றீங்க?"

"ஸ்கூட்டியிலதான். வீடு பக்கத்துலதானே சா..."

பாதியிலேயே நிறுத்திக்கிட்டாங்க.

18/
பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை, செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பால் வாங்கப் போகும்போது அப்பா ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையைப் போடுவதைப் பத்து வருஷம் பார்த்து வளர்ந்த பையனிடம், பதினெட்டு வயசில் தைரியமா சாவியைக் கொடுக்கலாம்.

இன்று சாயங்காலம் நீங்க கடைக்குக் கிளம்பும்போது உங்க ஹெல்மெட் எங்கே இருக்கு? சீட்டுக்கு அடியிலா?

எடுத்து மாட்டுங்க. பட்டையையும் போடுங்க.