அதிபரின் மேற்படிப்பு யாருக்காக?

அண்மையில் ஒரு கிராமப் பாடசாலையிற் பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. வந்தவர்களிற் பெரும்பாலானோர் இரண்டு மூன்று முறை இடம்பெயர்ந்து, பற்றைக் காடாய்க் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கி மீண்டும் கமம் செய்யத் தொடங்கியிருப்பவர்கள். நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். கூட்ட முடிவில் அதிபர் ஒரு செய்தி சொன்னார். கல்வி முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டப் படிப்புக்குத் தமக்கு அனுமதி கிடைத்துள்ளது என்றார். எல்லோரும் கைதட்டினர். வெளியே வந்தபோது ஒரு தாய் எம்மிடம் மெதுவாகக் கேட்டார்: "சுவாமி, படிச்சு முடிச்சாப் பிறகும் எங்கட பள்ளிக்கூடத்தில நிப்பாரோ?"

எம்மாற் பதில் சொல்ல முடியவில்லை. அக்கேள்வியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இது என்ன படிப்பு?

பட்டதாரி ஆசிரியர் ஒருவர் வழமையாக முதலிற் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிப்பார். அதற்குமேல் உள்ளது கல்வி முதுமாணி. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களும் திறந்த பல்கலைக்கழகமும் இப்படிப்பை நடத்துகின்றன. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தாற் தாபிக்கப்பட்ட மகரகம தேசிய கல்வி நிறுவகமும் நடத்துகின்றது. அதிபர்களுக்கான குறுகிய பயிற்சிகள் மீப்பேயிலுள்ள கல்வித் தலைமைத்துவ நிலையத்தில் நடைபெறுகின்றன. பாடசாலைத் திட்டமிடல், நிதி, ஆளணி, ஆசிரியர்களின் கற்பித்தலை மேற்பார்வை செய்தல், கல்விச் சட்டம், புள்ளிவிபரம் என்பன இங்கே கற்பிக்கப்படும். முடிவில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகத்தின் முதற் பட்டம் வரை எம்மைக் கொண்டு செல்கின்றது. மேற்பட்டத்துக்கோ ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்தே கட்டணம் செலுத்த வேண்டும். பலர் வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறி, சனி ஞாயிறு விரிவுரை கேட்டு, திங்கட்கிழமை காலை நித்திரைக் கண்ணோடு பாடசாலைக்கு வருகின்றனர். வீட்டுப் பொறுப்பும் சேர்ந்த ஆசிரியைகளின் பாடு இன்னும் அதிகம். ஆகவே படிக்கப் போகிறவரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அவர் படிக்க வேண்டும். அப்படிப்பு எங்கே போய்ச் சேருகின்றது என்பதே எமது கேள்வி.

அதிபர் ஏன் முக்கியம்?

நாட்டில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றிற் சில நூறு மட்டுமே மத்திய அமைச்சின் கீழுள்ள தேசியப் பாடசாலைகள். 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின்னர் ஏனையவை மாகாணத்தின் பொறுப்பில் உள்ளன. எமது பிள்ளைகள் படிக்கும் சிறிய பாடசாலைகள் இவற்றைச் சேர்ந்தவையே. இங்கே கணித ஆசிரியர் இல்லையென்றால் வலயத்துக்குத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியவர் அதிபர். பிறப்புச் சான்றிதழோ விடுகைப் பத்திரமோ இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளையை உள்ளே அழைப்பதும் வெளியே நிறுத்துவதும் பெரும்பாலும் அவர் கையிலேயே உள்ளது. 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்று 2016இல் ஒழுங்குவிதி வந்தது. அவ்விதி ஒரு கிராமத்தில் உயிர் பெறுவதும் காகிதத்தில் உறங்குவதும் அதிபரைப் பொறுத்ததே.

இதை ஆய்வுகளும் உறுதி செய்கின்றன. அமெரிக்காவிற் பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான அறிக்கை ஒன்று, சராசரிக்குக் கீழான அதிபரின் இடத்துக்குச் சராசரிக்கு மேலான ஒருவர் வந்தால், மாணவர் ஓர் ஆண்டிற் கணிதத்தில் ஏறத்தாழ 3 மாதப் படிப்புக்குச் சமனான முன்னேற்றம் அடைவர் எனக் கணித்தது. அந்த ஒருவரின் நன்மை ஒரு வகுப்போடு நில்லாது முழுப் பாடசாலைக்கும் பாய்கின்றது.

ஆனால் அடுத்ததையும் கேளுங்கள். நியூயோர்க் நகரப் பாடசாலைகளை வைத்து 2009இல் மூன்று ஆய்வாளர்கள் வேறொரு கணக்குப் பார்த்தனர். அதிபர் எங்கே, எவ்வளவு படித்தார் என்பதற்கும் மாணவரின் பெறுபேற்றுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் தென்படவில்லை. தொடர்பு தென்பட்டது, அவர் அதிபராக எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றார் என்பதிலேயே. அதிலும் முதற் சில ஆண்டுகளிற் கிடைக்கும் முன்னேற்றமே பெரிது. புதிதாக அதிபரானவர்களுள், அதே பாடசாலையில் முன்பு உப அதிபராக இருந்தவர்கள் சற்றுச் சிறப்பாகச் செய்தனர் என்பதற்கும் சான்று கிடைத்தது. அதற்கு முன்னரே, 2005இல், கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் தலைவராக இருந்த ஆதர் லெவின், தம் நாட்டில் அதிபர்களை உருவாக்கும் பட்டப் படிப்புகளிற் பல தரம் குறைந்தவை என்று வெளிப்படையாகக் கண்டித்திருந்தார்.

அவர்களின் பாடசாலை வேறு, எமது பாடசாலை வேறு என்பது உண்மையே. ஆயினும் ஒன்று எமக்கும் பொருந்தும். விதைநெல் நல்லதாக இருந்தாலும் சாக்கிற் கிடந்தால் விளையாது. பட்டமும் அவ்வாறே.

பட்டம் இல்லாத அதிபர்கள்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவிற் தென்மராட்சியை நோக்கி நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அன்று பாடசாலையின் சேர்வு இடாப்பையும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தையும் சைக்கிள் கரியரிற் கட்டிக்கொண்டு வந்த அதிபர்களை நாம் அறிவோம். பின்னர் வேறொரு பாடசாலையின் மாலை நேரத்திலும் மரநிழலிலும் வகுப்பு நடத்தியவர்கள் அவர்களே. 2009இற் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலும் கொட்டில்களில் மணி அடித்துப் பாடசாலை தொடங்கிய அதிபர்கள் இருந்தனர். அவர்களிற் பலரிடம் முதுமாணிப் பட்டம் இருக்கவில்லை. பிள்ளையின் பெயரும் அதன் குடும்பக் கதையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவர்களைப் புகழ்ந்துவிட்டுப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. இன்றைய பாடசாலைக்கு அன்போடு கணக்கும் வேண்டும். நாம் அறிந்த ஓர் அதிபர் தம் ஆய்வுக் கட்டுரைக்காகத் தமது பாடசாலையின் வரவு இடாப்பையே எடுத்தார். ஐந்து ஆண்டு வரவை வகுப்பு வகுப்பாக, மாதம் மாதமாக எழுதிப் பார்த்தார். சோம்பேறிகள் என்று ஆசிரியர்கள் ஏசிய பிள்ளைகள் பெரும்பாலும் குளத்துக்கு அப்பாலிருந்து வருபவர்கள் என்பதும், அவர்கள் வராத நாட்கள் மழைக்காலத்திலும் அறுவடைக் காலத்திலுமே குவிந்திருந்தன என்பதும் தெரியவந்தது. அதன் பின்னர் ஏச்சு நின்றது. மாரியிற் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டி வரப் பெற்றோர் முறை வைத்தனர். அறுவடை முடிந்ததும் விடுபட்ட பாடங்களுக்கு மேலதிக வகுப்பு நடந்தது. மேற்படிப்பு எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான் என்போம்.

எமது தவறு

இங்கே எமது தவறொன்றையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியையின் மேற்படிப்புக்கு நாம் சிபாரிசுக் கடிதம் எழுதினோம். போக்குவரத்துச் செலவிற் ஒரு பகுதியும் கொடுத்தோம். நன்றாகப் படித்தார். பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டே பதவி உயர்வோடு பட்டணத்துப் பாடசாலைக்கு மாற்றலாகிச் சென்றார். அவர் மீது எமக்குக் கோபமில்லை. அவருக்கும் குடும்பம் உண்டு. கிராமத்தில் ஆசிரியர் விடுதியின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, கிணறு இறைக்கப்படவில்லை, கடைசி பஸ் மூன்று மணியோடு போய்விடும். நாம் அவரிடம் எதையும் கேட்கவுமில்லை, அவர் தங்குவதற்கு எதையும் செய்யவுமில்லை. ஒருவரின் முன்னேற்றத்தை ஊரின் முன்னேற்றம் என்று எண்ணிக் கைதட்டினோம். அவ்வளவுதான்.

நாம் செய்யக் கூடியவை

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கமக்காரர்கள் கூடி, எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது என்று பேசித் தீர்மானிக்கிறார்கள். தண்ணீர் வற்றிய பின்னர் கூடுவதில்லை. அதிபரின் மேற்படிப்பையும் இவ்வாறே தொடக்கத்திற் பேச வேண்டும். அதற்குரிய இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம்.

முதலாவது, படிப்பு முடிந்த பின் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது இப்பாடசாலையில் இருப்பாரா என்று மரியாதையோடு கேளுங்கள். இது சட்டக் கட்டுப்பாடு அன்று. இடமாற்றம் அதிகாரிகளின் கையில் உள்ளது. ஆயினும் கேட்டதையும் அவர் சொன்னதையும் கூட்டக் குறிப்பில் எழுதி, அவரை இங்கே வைத்திருக்கும்படி வலயக் கல்விப் பணிப்பாளருக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் அனுப்பலாம்.

இரண்டாவது, ஆய்வுக் கட்டுரையை எமது பாடசாலை பற்றியே செய்யும்படி கேளுங்கள். முடிந்ததும் அதன் சாரத்தைப் பெற்றோருக்கு விளங்கும் தமிழில் ஒரு மாலை சொல்லட்டும்.

மூன்றாவது, கற்றதை ஆசிரியர்களோடு பகிரட்டும். நியூசிலாந்தின் விவியன் றொபின்சனும் அவரது சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதிபர் செய்யும் பணிகளுள் மாணவருக்கு மிகுந்த பயன் தருவது, ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்துத் தாமும் அவர்களோடு அமர்ந்து கற்பதே. இரு வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

நான்காவது, அதிபர் இல்லாத நாட்களிற் பொறுப்பு யாருக்கு என்பது தெளிவாக இருக்கட்டும். அந்த உப அதிபரே நாளைய அதிபராகலாம். எமது கிராமத்துப் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், ஆசிரியர்களாகித் திரும்பி வர இப்போதே வழி செய்வோம்.

ஐந்தாவது, நாமும் கொடுக்க வேண்டும். சிரமதானம் செய்து விடுதிக் கூரையை வேய்ந்து கிணற்றை இறைத்துக் கொடுப்பது எம்மால் இயலும். ஆனால் படிப்புக் கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாகாது. அப்பணம் பிள்ளைகளுடையது.

"படித்தவரிடம் நாங்கள் எப்படிக் கேட்பது?" என்று சிலர் தயங்குவீர்கள். காணி விடுபட வேண்டுமென்று ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகிறவர்கள் நீங்கள். பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்க உங்களுக்கு வேறு தகுதி தேவையில்லை. நல்ல அதிபர் இக்கேள்வியை அவமதிப்பாக எண்ணமாட்டார். தம்மை இவ்வூர் வேண்டி நிற்கின்றது என்றே எடுத்துக்கொள்வார்.

அந்தத் தாய் எம்மிடம் கேட்ட கேள்வி அதிபரிடம் கேட்கப்பட வேண்டியது. அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் எழுந்து நிற்கும்போது தனியே நிற்க விடாதீர்கள்.